சமோசிர் தீவு: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், வடக்குப் பகுதியில், டோபா ஏரிக்கு நடுவில் இருக்கிறது சமோசிர். பத்தாக் மக்களில் டோபா பிரிவினருக்குத் தாய்மண் இது. பலர் காலையில் படகேறிப் போய், கல்லறையையும் பொம்மையையும் பார்த்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஏரி அழகுதான், மறுக்கவே இல்லை. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது அந்த மக்களுடைய உறவு முறை. அது இன்னமும் உயிரோடு இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம், அதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. அந்த எண்ணத்தோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

சமோசிர் உண்மையிலேயே தீவுதானா?

இப்போது தீவு. முன்பு மேற்குக் கரையில் பாங்குருரான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான நிலத்துண்டு சமோசிரை சுமத்ராவோடு ஒட்டவைத்திருந்தது. டச்சுக்காரர்கள் அங்கே கால்வாய் வெட்டியபின் நாலு பக்கமும் தண்ணீர் ஆகிவிட்டது. அந்தக் கால்வாய்மேல் இன்று பெரிய பாலம் இருக்கிறது, எனவே படகே ஏறாமல் காரிலும் உள்ளே போகலாம். பரப்பு சுமார் 630 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது. கரையோரமாக நடந்தே சுற்றிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் மேட்டுநிலத்தில் சிடிஹோனி என்று இன்னொரு சின்ன ஏரி வேறு இருக்கிறது.

இது எரிமலை என்கிறார்களே, ஆபத்து இல்லையா?

ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வெடித்தது சாதாரண எரிமலை இல்லை. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. உள்ளே இருந்ததெல்லாம் வெளியேறியதும் மேல்தரை அப்படியே உள்வாங்கியது, அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30, ஆழமான இடத்தில் 500 மீட்டர். அப்புறம் அடியிலிருந்து பாறைக்குழம்பு திரும்பவும் தள்ள, ஏரியின் தரையே மேலே எழுந்து சமோசிர் ஆனது. அதனால்தான் தீவின் மேட்டுநிலத்தில் ஏரிப்படிவங்களைப் பார்க்க முடிகிறது. அந்தச் சாம்பல் இந்தியா வரை வந்து விழுந்தது. ஆந்திராவில் ஜுவாலாபுரம் என்ற இடத்தில் தோண்டியபோது டோபாவின் சாம்பல் அடுக்குக்கு மேலேயும் கீழேயும் கல்கருவிகள் கிடைத்திருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது.

இதற்காகப் பயந்துகொண்டு பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எப்படிப் போவது? விசா?

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் இந்தோனேசியாவில் இறங்கியதும் 30 நாள் விசா வாங்கலாம், கட்டணம் 5 லட்சம் ரூபியா. புறப்படும் முன்பே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

மேடான் நகரத்துக்கான குவாலாநாமு விமான நிலையம்தான் பெரும்பாலானவர்களுக்கு வாசல். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து விமானங்கள் உண்டு. அங்கிருந்து பராபாட் ஊருக்குச் சாலையில் நாலைந்து மணி நேரம், சுங்கச் சாலை வந்தபின் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பராபாட்டின் திகாராஜா துறையிலிருந்து ஆட்கள் மட்டும் போகும் படகு, தீவில் விடுதிகள் இருக்கும் டுக்டுக்குக்கு வரும். நீங்கள் தங்கும் விடுதியின் பெயரைச் சொன்னால் அந்த விடுதியின் படித்துறையிலேயே இறக்கிவிடுவார்கள், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். காரோடு போகிறவர்களுக்குப் பக்கத்து அஜிபாத்தா துறை. நேரம் முக்கியம் என்றால் ஏரிக்குத் தெற்கே சிலாங்கிட் விமான நிலையம் இருக்கிறது, ஜகார்த்தாவிலிருந்து நேராக அங்கே வரலாம்.

மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் பராபாட்டில்தான் இரவு. அதனால் மேடானிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

படகு பாதுகாப்பானதா?

நேராகச் சொல்கிறேன். 2018 ஜூன் 18 அன்று சிமானிண்டோவிலிருந்து திகாராஸ் போன சினார் பாங்குன் என்ற படகு, அளவுக்கு மீறி ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கெட்ட வானிலையில் கவிழ்ந்தது. 150க்கும் மேற்பட்டவர்கள் ஏரியோடு போனார்கள். படகு 450 மீட்டர் ஆழத்தில் கிடந்ததால் உடல்களைக்கூட மேலே கொண்டுவர முடியவில்லை. அந்த ஊர்களில் இன்றும் இதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

அதற்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. இருந்தாலும் கூட்டம் பிதுங்கும் படகு என்றால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள், உயிர்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும், முடிந்தால் காலையில் கடந்துவிடுவது நல்லது. ரம்ஜான் விடுமுறையிலும் ஆண்டுக் கடைசியிலும் கூட்டம் அதிகம்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம் போகலாம்?

குறைந்தது மூன்று இரவு. அதில் ஒன்று சனிக்கிழமை இரவாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலை கிறித்தவ ஆலயப் பாடலைக் கேட்காமல் சமோசிரை விட்டு வரக்கூடாது என்பது என் கட்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, அக்டோபருக்கு மேல் அதிகம். ஏரியே 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

எங்கே தங்கலாம்?

டுக்டுக் என்ற சின்ன மூக்குநிலம்தான் விடுதிகளின் இடம். எளிய அறை முதல் வசதியான விடுதி வரை எல்லாம் ஏரியைப் பார்த்தபடி இருக்கும், சிலவற்றில் பழைய பத்தாக் வீட்டையே அறையாக மாற்றியிருக்கிறார்கள். தொமோக், அம்பாரித்தா இரண்டும் பக்கம். சடங்கு, சந்தை, அன்றாட வாழ்க்கை என்று பார்க்க வருகிறவர்கள் ஒரு இரவாவது பாங்குருரானில் தங்குங்கள். மாவட்டத் தலைநகரம் அதுதான், சுற்றுலாவுக்காக எதையும் அலங்கரித்து வைக்காத ஊர்.

ஒரு எச்சரிக்கை. டுக்டுக்கில் போதைக் காளான் வேண்டுமா என்று யாராவது கேட்கக்கூடும். இந்தோனேசியாவின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தொமோக்கில் என்ன பார்க்கலாம்?

படகுத்துறையிலிருந்து நினைவுப்பொருள் கடைகளைத் தாண்டி மேலே ஏறினால் சிடாபுத்தார் குலத்து அரசர்களின் கல்லறைகள். ஒரே பாறையைக் குடைந்து செய்த கல்பெட்டிகள். அவற்றின் முன்பக்கத்தில் சிங்கா என்ற பெரிய காவல் முகம் விழித்துக்கொண்டு நிற்கும், பெயரைக் கேட்டு நம்ம ஊர் சிங்கத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உள்ளே போகும் முன் தோளில் போட்டுக்கொள்ள ஊலோஸ் என்ற பத்தாக் நெசவுத் துணி ஒன்று கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுவதுபோல.

அப்புறம் சிகாலே-காலே. ஆள் உயர மரப்பொம்மை, கயிற்றை இழுத்தால் கை அசைத்து ஆடும். மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு அரசனுக்காக மகனின் உருவத்தில் செய்தது என்று கதை சொல்வார்கள். முன்பு ஆண்வாரிசு இல்லாமல் இறந்தவர்களின் இழவில் இந்தப் பொம்மை ஆடும், ஈரப்பஞ்சு வைத்துக் கண்ணீர் விடும்படியும் செய்திருக்கிறார்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற ஏக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பொம்மை ஏன் அழுதது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்போது சுற்றுலாப் பயணிகளோடு சேர்ந்து ஆடுகிறது, நீங்களும் சேர்ந்து ஆடலாம், தப்பில்லை. ஆனால் அது எதற்காகப் பிறந்த பொம்மை என்பதைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள்.

அம்பாரித்தாவின் கல் நாற்காலிகள், நரமாமிசக் கதை எல்லாம் உண்மையா?

அம்பாரித்தாவில் சியல்லாகன் குலத்தின் கிராமம் கல்மதிலுக்குள் இருக்கிறது. உள்ளே ஒரு ஹரியாரா மரம் (ஆல், அத்தி இனத்து மரம், ஊர் தொடங்கும்போது நடுவது), அதன் அடியில் கல்மேசையும் கல்நாற்காலிகளும். அரசரும் பெரியவர்களும் கூடி வழக்குத் தீர்த்த இடம். குற்றவாளியைக் கொன்று அவன் உடலைத் தின்றார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டுவார்கள், கூட்டத்திலிருந்து யாரையாவது குற்றவாளியாகப் படுக்கவும் வைப்பார்கள்.

பத்தாக் நாட்டில் எதிரிகளையும் சில குற்றவாளிகளையும் சடங்காகத் தின்றார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். 1834இல் இரண்டு அமெரிக்க மிஷனரிகள் கொல்லப்பட்டதும் நடந்ததுதான். ஆனால் அந்த எழுத்துகளில் கண்ணால் பார்த்தது எவ்வளவு, காதால் கேட்டது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். வெளியாள் உள்ளே வராமல் இருக்கப் பத்தாக்குகளே அந்தப் பயத்தை வளர்த்திருக்கவும் கூடும். எனக்கு அந்த இடத்தில் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு சின்ன ஊர், தனக்கென்று மதில், தனக்கென்று மரம், தனக்கென்று நீதிமன்றம் வைத்துக்கொண்டு யாருக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்திருக்கிறது. நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

பத்தாக் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூரையின் இரண்டு முனைகளும் மேலே வளைந்து நிற்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். பழைய முறைப்படி வேய்ந்தால் பனை இனத்து நார், இப்போது பெரும்பாலும் தகரம். வீடு தூண்களின்மேல் நிற்கும், அடியில் முன்பு எருமை, பன்றி கட்டுவார்கள். ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கோத்துக் கட்டியது. வாசல் தாழ்வாக இருப்பதால் குனிந்துதான் ஏற வேண்டும். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடத்தில் பல குடும்பங்கள், ஒவ்வொரு மூலையும் இன்னாருக்கு என்று வகுத்து வாழ்ந்தன.

முகப்பில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றே நிறத்தில் கோர்கா என்னும் செதுக்கு வேலை. அதில் ஒரு பல்லியும் நாலு முலைகளும் தெரியும். பல்லி நிலத்தின் காவல் தெய்வம், முலைகள் வளம். வீட்டுக்கு எதிரே சோப்போ என்ற நெற்களஞ்சியம் நிற்கும்.

இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க நல்ல இடம் சிமானிண்டோவில் உள்ள ஹுத்தா போலோன் அருங்காட்சியகம். சிடாவுருக் அரசரின் வீடாக இருந்தது. காலையில் அங்கே கொண்டாங் இசையோடு தோர்-தோர் ஆட்டம் நடக்கும். சுருதி சேர்த்த மத்தளங்களின் வரிசை, நாலு கோங்குகள், சீவாளி வைத்து ஊதும் சாருனே. பார்வையாளர்களுக்காக நடப்பதுதான், ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி எதற்கு எந்தத் தாளம் என்ற முறையை விடாமல் செய்கிறார்கள்.

"உங்கள் மார்கா என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்களே?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மார்கா என்றால் தந்தை வழியில் வரும் குலப்பெயர். சினாகா, சிதுமோராங், நைங்கோலான், சிமஞ்சுந்தாக், சிஹோம்பிங் என்று நூற்றுக்கணக்கில் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பத்தாக்குகள் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் மார்கா, அடுத்து குலத்தில் எத்தனையாவது தலைமுறை, அப்புறம் அம்மாவின் மார்கா. அஞ்சு நிமிஷத்தில் ஒருவருக்கு மற்றவர் மாமாவா, தம்பியா, மருமகனா என்று முடிவாகிவிடும். அதன்பிறகு பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும். ஒரே மார்காக்காரர்கள் எவ்வளவு தூரத்து ஊர்க்காரர்களாக இருந்தாலும் அண்ணன் தங்கைதான், கல்யாணம் செய்ய முடியாது.

இந்த உறவுக்கு மூன்று கால். தங்கள் குலத்துப் பங்காளிகள் ஒன்று. தங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டார் ஹுலா-ஹுலா. தங்களிடம் பெண் எடுத்த வீட்டார் போரு. மூன்றையும் சேர்த்து தாலிஹான் நா தோலு, அதாவது அடுப்பின் மூன்று கல் என்பார்கள். ஒரு கல் நகர்ந்தால் பானை நிற்காது. ஒரு வீட்டுக்கு ஹுலா-ஹுலாவாக இருப்பவர் இன்னொரு வீட்டுக்கு போருவாக இருப்பார், எனவே யாரும் எப்போதும் உயர்ந்தவர் இல்லை, எப்போதும் தாழ்ந்தவரும் இல்லை. இன்று மேடையில் மாலையும் மரியாதையுமாக உட்கார்ந்திருப்பவர் நாளை இன்னொரு வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்.

தமிழர்களுக்கு வசதி உண்டு என்று சொன்னேனே, அது இங்கேதான். தாய்மாமனை துலாங் என்பார்கள், அவருக்கு இருக்கும் மரியாதை நமக்குப் பழக்கமானது. மாமன் மகள் பாரிபான், முறைப்பெண். ஆனால் ஒரு வித்தியாசம்: நமக்கு அத்தை மகளும் முறை, அவர்களுக்கு அது கூடவே கூடாது. பெண் ஒரு திசையில்தான் போக வேண்டும், கொடுத்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தால் யார் ஹுலா-ஹுலா, யார் போரு என்பது குழம்பிவிடும்.

இன்னொன்றும் நம்மை யோசிக்க வைக்கும். பெண் கொடுத்த வீடுதான் அங்கே உயர்ந்த இடத்தில் உட்காரும். பணமும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குத்தான் போகும், அதற்கு சினாமோத் என்று பெயர். அதிலும் பேரம், மனக்கசப்பு எல்லாம் உண்டு, படித்த பெண் என்றால் தொகை ஏறும் என்பார்கள். எனினும் சம்பந்தி முன்னால் கைகட்டி நிற்கும் பெண்ணின் தகப்பனைப் பார்த்துப் பழகிய நாட்டிலிருந்து போய், அதற்கு நேர் எதிரான ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்ப்பது சும்மா வந்துபோகும் அனுபவம் இல்லை.

உங்களிடம் மார்கா கேட்டால் உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர் சொல்லுங்கள். போதும். வெளியாட்களுக்குச் சடங்கு செய்து மார்கா கொடுப்பதும் உண்டு, அதை நினைவுப்பொருள்போல நாமே கேட்டு வாங்கக் கூடாது. அந்தப் பெயரோடு கடமைகளும் சேர்ந்தே வருகின்றன.

கல்யாணத்துக்கோ சாவு வீட்டுக்கோ அழைத்தால் போகலாமா?

அழைத்தால் கட்டாயம் போங்கள். அழைக்காவிட்டாலும் வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே உட்கார வைப்பார்கள். முழங்காலுக்குக் கீழ் வரும் உடை, தோளை மூடும் சட்டை. எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கேயே உட்காருங்கள், ஏனென்றால் பாய் விரிப்பதே உறவுப் பிரிவு பார்த்துத்தான். ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம், தொகையை விடுதிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் ஆலயத்தில் திருமணம் முடிந்துவிடும், குலமுறைச் சடங்கு மாலை வரை போகும். பெண் வீட்டார் மீனும் ஊலோஸும் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் இறைச்சி கொடுப்பார்கள். வெட்டிய விலங்கின் எந்தப் பாகம் யாருக்கு என்பதற்கும் முறை இருக்கிறது, அந்தப் பங்கை ஜம்பார் என்பார்கள். பங்கு மாறிப்போனால் பெரிய பிரச்சினை.

பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகிப் பேரன் பேத்தி கண்டு இறந்தவருக்கு நடப்பது நம்ம கல்யாணச் சாவுதான். இசை, ஆட்டம், விருந்து எல்லாம் உண்டு. சின்ன வயதுச் சாவு அப்படி இருக்காது, அங்கே கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

வயல் நடுவில் வீடு மாதிரியே கட்டிய சிமென்ட் கல்லறைகளைத் தீவு முழுக்கப் பார்ப்பீர்கள். முன்னோர்களின் எலும்புகளைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டி எடுத்து, கழுவி, அந்த உயர்ந்த கல்லறையில் மறுபடி வைப்பார்கள். மங்கோங்கால் ஹோலி என்ற இந்தச் சடங்குக்காக ஜகார்த்தாவில் இருப்பவர்கள்கூடக் குடும்பத்தோடு ஊர் திரும்புவார்கள். வயிற்றுப்பிழைப்புக்காக எங்கே போனாலும் எலும்பு சமோசிருக்கு வந்தாக வேண்டும் என்று நினைக்கும் சமூகம் இது.

ஊலோஸ் வாங்கலாமா? எது நல்லது?

தொமோக் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி இயந்திர நெசவு. பரிசுக்கு, சுவரில் மாட்ட அது போதும். கைநெசவு வேண்டுமென்றால் பாங்குருரான் போகும் வழியில் லும்பான் சுஹி-சுஹி தோருவான் பக்கம் நிறுத்துங்கள். பெண்கள் இடுப்பில் கட்டிய தறியில் வீட்டு முன்னாலேயே நெய்துகொண்டிருப்பார்கள். ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும், விலையும் அப்படித்தான், அதில் பேரம் பேசாதீர்கள். அவுரி நீலம், நுணா இனத்து வேரிலிருந்து எடுக்கும் சிவப்பு என்று இயற்கைச் சாயத்தில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா ஊலோஸும் எல்லாவற்றுக்கும் இல்லை. ராகிடுப் மிக உயர்ந்தது. ராகி ஹோத்தாங்கைக் கல்யாணத்தில் மணமக்கள்மேல் போர்த்துவார்கள். கருநீல சிபோலாங்கைப் பல குடும்பங்களில் துக்கத்துக்கு வைத்திருப்பார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க, வாங்கும்போதே நெய்தவரிடம் இது எதற்கு என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

அசைவம் சாப்பிடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஆர்சிக். மஞ்சளும் மசாலாவும் போட்டு நீர் வற்றும்வரை மெதுவாக வேகவைத்த கெண்டை இன மீன். அதில் அந்தாலிமான் என்ற மிளகு சேரும், நாக்கை லேசாக மரத்துப்போக வைத்து எலுமிச்சை வாசம் அடிக்கும், அந்த மலைப்பகுதியின் சுவை அதுதான். நானியுரா அடுப்பே காணாத மீன், புளிப்பிலேயே பதப்படும். சக்சாங் பன்றி இறைச்சி, பெரும்பாலும் ரத்தத்தோடு சமைப்பது.

கடைப் பலகையில் பி-2 என்றிருந்தால் பன்றி, பி-1 என்றிருந்தால் நாய். தெரியாமல் உள்ளே போய்விடாதீர்கள். ஹலால் வேண்டுகிறவர்களுக்கு மினாங், ஜாவா உணவகங்கள் தொமோக்கிலும் பாங்குருரானிலும் உண்டு.

சைவம் டுக்டுக்கில் எளிது. சோயாவில் செய்த தெம்பே, தாஹு, கடலைக் குழம்பு ஊற்றிய கடோ-கடோ, இடித்த மரவள்ளிக் கீரை எல்லாம் கிடைக்கும். ஆனால் "தன்பா டாகிங், தன்பா ஈக்கான், தன்பா தெராசி" என்று சொல்லிவிடுங்கள்: இறைச்சி, மீன், இறால் விழுது வேண்டாம். கடைசியைச் சொல்ல மறந்தால் சம்பாலில் இறால் இருக்கும். மாலையில் லாப்போ என்னும் கள்ளுக்கடைகளில் ஆண்கள் கூடி கித்தாரோடு பாடுவார்கள், குடிக்காவிட்டாலும் உட்கார்ந்து கேட்கலாம். காபி அருமை, ஏரிக்குத் தெற்கே லிந்தோங் காபி உலகம் முழுக்கப் போகிறது.

பத்தாக் மக்கள் என்ன மதம்?

டோபா பத்தாக்குகளில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். 1862இல் சுமத்ரா வந்த ஜெர்மன் மிஷனரி நொம்மென்சன் பெயர் எல்லா ஊரிலும் கேட்கும். ஹெச்.கே.பி.பி. என்ற பத்தாக் புரோட்டஸ்டன்ட் திருச்சபை தொடங்கியது 1861இல். சமோசிரில் கத்தோலிக்கர்களும் நிறைய, பாங்குருரானில் பத்தாக் வீட்டின் வடிவிலேயே கட்டிய ஆலயம் இருக்கிறது. டச்சுக்காரர்களை எதிர்த்துப் போராடி 1907இல் கொல்லப்பட்ட பத்தாக் அரசர் சிசிங்காமங்காராஜா பன்னிரண்டாமவரை மதிக்கும் பழைய சமயமான பார்மாலிமும் இன்னும் இருக்கிறது. அதன் மையம் தென்கரையில் லாகுபோட்டிக்குப் பக்கத்தில் ஹுத்தாதிங்கி. அவர்களுக்குச் சனிக்கிழமை வழிபாடு, பன்றி இறைச்சியும் ரத்தமும் தொடமாட்டார்கள்.

பத்தாக்குகளுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அளவுக்கு இல்லை. உறுதியானது இது: ஏரிக்கு மேற்கே கடற்கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம். அங்கே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. அவர்கள் தேடி வந்தது பத்தாக் காட்டுக் கற்பூரத்தையும் சாம்பிராணியையும். சாம்பிராணி மரங்களை ஏரிக்குத் தென்மேற்கே இன்றும் கீறிப் பிசின் எடுக்கிறார்கள்.

ஏரிக்கு வடக்கே காரோ பத்தாக்குகளில் செம்பிரிங் குலத்துக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி என்று கிளைகள் இருக்கின்றன. சோழ, பாண்டிய, மலையாள, பல்லவப் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் அவர்கள் காரோக்கள், சமோசிர்க்காரர்களிடம் போய் நீங்கள் தமிழரா என்று கேட்பது சரியில்லை. மாமன் மகள் முறையை வைத்தும் அப்படி முடிவு கட்ட வேண்டாம், உலகத்தில் பல சமூகங்களில் அது இருக்கிறது.

எழுத்தும் பஞ்சாங்கமும் இந்தியத் தொடர்புள்ளவை. மரப்பட்டையை மடித்துச் செய்த புஸ்தகா ஏடுகளில் தாத்து என்னும் பூசாரிகள் மருந்து, மந்திரம், நாள் குறிப்பது எல்லாம் எழுதினார்கள். அந்த எழுத்து பிராமியின் வழியில் வந்தது. நாட்களின் பெயர்கள் அர்த்தியா, சுமா, அங்காரா, முடா, பொராஸ்பதி என்று போகும், சத்தமாகப் படித்தாலே கிழமை தெரிந்துவிடும்.

தீவைச் சுற்ற என்ன வழி? மொழி?

மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நம்மைப்போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி, தலைக்கவசம் இரண்டும் தேவை. கரையோரச் சாலை நன்றாக இருக்கிறது, மேட்டுநிலத்துக்கு ஏறும் பாதைகள் மழையில் வழுக்கும். பாங்குருரானைத் தாண்டிப் பாலம் கடந்தால் புசுக் புஹிட் மலை. பத்தாக்குகளின் முதல் மூதாதை இறங்கிய இடம் என்று நம்புகிறார்கள், அதன் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. மலை ஏறினால் குப்பை போடாதீர்கள், கெட்ட வார்த்தை பேசாதீர்கள். இது அவர்களுக்குப் புனிதமான இடம்.

டுக்டுக்கில் ஆங்கிலம் போதும், மற்ற இடங்களில் கொஞ்சம் இந்தோனேசிய மொழி வேண்டும். யாரைப் பார்த்தாலும் "ஹோராஸ்!" என்று உரக்கச் சொல்லுங்கள், நன்றிக்கு "மௌலியாத்தே". பத்தாக்குகள் சத்தமாகப் பேசுவார்கள், அது கோபம் இல்லை.

ஏரியில் குளிக்கலாமா?

டுக்டுக் விடுதிகளின் கரையில் குளிக்கிறார்கள். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சட்டென்று இறங்கும் இடங்கள் உண்டு, குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். மீன் வளர்க்கும் கூண்டுகள் மிதக்கும் பகுதியில் தண்ணீர் நன்றாக இருக்காது.

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால்?

வடக்கே போனால் தோங்கிங்கில் சிபிசோ-பிசோ அருவி, 120 மீட்டர் உயரம். மேடானில் இரவு தங்கினால் பழைய கம்போங் கெலிங், இன்றைய கம்போங் மெட்ராஸ், அங்கே 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் கட்டியது. என்னைக் கேட்டால் தெற்கே பாலிகே போகச் சொல்வேன். பத்தாக் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, ஊர்ச் சந்தையையே பத்தாக் வீட்டுக் கூரைகளாக வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தாலிமான் அங்கே பச்சையாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் கறுத்துவிடும், ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் காயவைத்ததை வாங்குங்கள்.